கிழட்டு வண்டிகளின் மலை

வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. சேறு படிந்த பேன்ட், தேய்ந்த ரப்பர் செருப்பு. உள்ளேயிருந்து ஒரு கை நீளும்போதெல்லாம் பக்கத்தில் குந்தியிருக்கும் பையன் கேட்காமலேயே சரியான ஸ்பேனரை அதில் வைக்கிறான். டீக்கடை அடுப்பில் மோமோ வேகிறது. மேகம் தெருவுக்குள் இறங்கி வந்து கடைகளை மறைக்கிறது, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கொடுக்கிறது. ஊரின் ஒரு பகுதி இந்தியா, இன்னொரு பகுதி நேபாளம். நடுவே ஓடும் சின்ன வாய்க்கால்தான் சர்வதேச எல்லை. தாண்டுவதற்குக் கொஞ்சம் நீளமான கால் இருந்தால் போதும்.

டார்ஜிலிங்கிலிருந்து கும், சுக்கியா போக்ரி வழியாகக் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணம். 2,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் ஒரு கணவாய். ஊர்ப் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது: மானே என்பது பௌத்தர்களின் மந்திரக்கல் மேடை, பன்ஜாங் என்றால் நேபாளியில் கணவாய். மானேபன்ஜாங். இங்கிருந்து சிங்காலிலா மலைமுகட்டின் மேல் சுமார் 31 கி.மீ. ஏறினால் மேற்கு வங்கத்தின் உச்சியான சந்தக்பூ (3,636 மீட்டர்). வானம் தெளிந்திருந்தால் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு என்று உலகின் முதல் ஐந்து சிகரங்களில் நான்கு அங்கிருந்து தெரியும். நடக்கத் தெம்பு உள்ளவர்கள் கைடு ஒருவரை அமர்த்திக்கொண்டு நடக்கிறார்கள். மற்றவர்களையும், முகட்டுக் கிராமங்களுக்கான அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், தகரம், சிமென்ட் எல்லாவற்றையும் பல பத்தாண்டுகளாக ஏற்றிச் சென்றவை லேண்ட் ரோவர்கள். அதுவும் 1950களில் இங்கிலாந்தில் செய்தவை. பெரும்பாலான நாடுகளில் இந்த வயது வண்டியைக் கண்காட்சியில் கயிறு கட்டி நிறுத்தியிருப்பார்கள். இங்கே ஏலம் விட்ட பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகின்றன.

லேண்ட் ரோவர் பிறந்த கதை தற்செயலானது. ரோவர் கம்பெனியின் தலைமை இன்ஜினியர் மாரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சி தீவிலிருந்த தன் பண்ணையில் போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அது ஓய்ந்துபோனால் அடுத்து என்ன வாங்குவது என்ற கேள்விக்கு அவரே கண்டுபிடித்த பதில் 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகுக்கு ரேஷன். அதனால் உடல் தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அந்தத் தட்டுப்பாடு டார்ஜிலிங்குக்கு வரமாக அமைந்தது. வருடத்தில் பாதி நாள் ஈரம் சொட்டும் மலையில் இரும்புத் தகடு அரித்துக் கொட்டியிருக்கும், அலுமினியம் நிற்கிறது. சேசிஸ் இரும்பு. அதைத்தான் வெட்டி ஒட்டி, வெட்டி ஒட்டி ஓட்டுகிறார்கள்.

வண்டிகளை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர்கள் தேயிலைத் தோட்டத் துரைமார்கள். துரைமார்கள் கப்பலேறினார்கள், வண்டிகள் கை மாறின. கடைசியில் அவை வந்து சேர்ந்த இடம் இந்தக் கணவாய். கை மாறிய வண்டிக்குக் கையேடு வரவில்லை, உதிரி பாகம் வரவில்லை. வேலை தெரிந்த ஆட்களை இந்த ஊரே உண்டாக்கிக்கொண்டது. வயதில் மூத்த மெக்கானிக்கை எல்லோரும் 'தாஜு' என்கிறார்கள். நேபாளியில் அண்ணன். அவர் மற்றவர்களை 'பாயி' என்பார், தம்பி. இந்த அண்ணன் தம்பி முறையில்தான் தொழில் கை மாறுகிறது.

பாதையைப் பார்த்தால் தொழிலின் அவசியம் புரியும். ஊர் எல்லையைத் தாண்டியதுமே சித்ரே வரை நெட்டுக்குத்தான ஏற்றம். கொண்டையூசி வளைவுகளை ஒரே மூச்சில் திருப்ப முடியாது. முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே. பிறகு மேக்மா. தும்லிங் நேபாளத்துக்குள் இருக்கிறது, அதை ஒட்டிய தோங்லு இந்தியாவில். தோங்லுவின் 3,070 மீட்டர் வரை கஷ்டப்பட்டு ஏறிய வண்டி அடுத்து கைரிபாஸுக்கு 2,621 மீட்டருக்கு இறங்கியாக வேண்டும். ஏறியதை எல்லாம் தாரை வார்த்துவிட்டு மறுபடி ஏற்றம். கறுத்த சிறு குளத்தால் பெயர் பெற்ற காலபோக்ரி. அதற்கப்புறம் பிகேபன்ஜாங், சந்தக்பூவின் கடைசிச் சரிவு. 1992இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சிங்காலிலா காடு இருபுறமும். வசந்தத்தில் ரோடோடென்ட்ரான் பூத்துக் கிடக்கும். அதிர்ஷ்டசாலிகளுக்குச் சிவப்பு பாண்டா தென்படும். டிரைவருக்கு எதுவும் தென்படாது. அவர் கண் அடுத்த கல்லின் மேல்.

தார் போடாத காலத்தில் இந்தப் பாதை முழுக்கக் கற்களை அடுக்கி வைத்தது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குத்து. அந்தக் குத்தைச் சக்கரத்திலிருந்து வாங்கி, சேசிஸுக்குக் குறைத்துக் கொடுப்பவை பட்டைகள். நம் ஊர் லாரிகளின் அடியில் தெரியுமே, வில்லாக வளைந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள், அவையேதான். வடக்கே இதற்குக் கமானி என்று பெயர். தமிழில் வளைவுக்குக் கமான் என்கிறோம் அல்லவா, அதுவும் இதுவும் ஒரே பாரசீகச் சொல்: வில். பழைய லேண்ட் ரோவரின் நான்கு சக்கரங்களுக்கும் நான்கு வில். சுருள் ஸ்பிரிங் என்ற பேச்சே கிடையாது. கம்பெனி 1970இல் ரேஞ்ச் ரோவருக்கும் 1983இல் நீண்ட லேண்ட் ரோவருக்கும் சுருளுக்கு மாறிவிட்டது. மானேபன்ஜாங்குக்கு அந்தச் செய்தி தேவைப்படவில்லை. சுருள் உடைந்தால் புதிது வாங்க வேண்டும். பட்டை உடைந்தால் உடைந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். அதையும் லாரிப் பட்டையிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். நேபாளத்துக் கொல்லர்கள் குக்ரி அடிப்பதும் இதே லாரிப் பட்டையில்தான். நல்ல எஃகுக்கு மலையில் கிராக்கி அதிகம்.

வில் தளர்வதுதான் கிழட்டு வண்டியின் முதல் வியாதி. ஆண்டுக் கணக்கில் சுமை அழுத்தி அழுத்தி வளைவு தட்டையாகிறது. வண்டி தாழ்கிறது. குழியில் இறங்கும்போது அச்சு மேலேறி சேசிஸின் ரப்பர் கட்டையில் 'டங்' என்று மோதுகிறது. இன்னொரு வியாதி துரு. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கினால்தான் வில் வேலை செய்யும். இடையில் துரு ஏறிவிட்டால் அத்தனையும் சேர்ந்து ஒரே இரும்புக் கட்டையாகிவிடும். உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு சொல்லும். அதனால் அவிழ்க்கும்போதெல்லாம் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டுகிறார்கள்.

வண்டி தாழ்வதில் ஓரவஞ்சனையும் உண்டு. வலது பக்கம்தான் சீக்கிரம் இறங்கும். டிரைவர் எப்போதும் வலதுபுறம், அவர் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டாங்க். பயணிகள் வருவார்கள் போவார்கள். டிரைவரும் டாங்கும் இறங்குவதே இல்லை. இது தெரிந்துதான் லேண்ட் ரோவர் கம்பெனி டிரைவர் பக்கத்துக்குச் சற்று விறைப்பான பட்டைக் கட்டும் மறுபக்கத்துக்கு இளகியதும் கொடுத்தது. இந்த விவரம் தெரியாமல் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டினால் எவ்வளவு வேலை செய்தாலும் வண்டி கோணலாகவே நிற்கும். புதுக் கைகள் செய்யும் முதல் தவறு இது.

வேலை இப்படி நடக்கிறது. சேசிஸுக்கு முட்டுக் கொடுத்து, அச்சைத் தொங்கவிட்டு, யூ-போல்ட்டுகளை அவிழ்க்கிறார்கள். அவிழ்க்கிறார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. பாதி வண்டிகளில் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பட்டைக் கட்டு கீழே வருகிறது. நடுவிலிருக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றினால் கட்டு பிரிகிறது. ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். விரிசல் முதலில் விழுவது பெரும்பாலும் சென்டர் போல்ட் துளையில், துளையிட்ட இடம்தானே பலவீனம். பிறகு தட்டையான பட்டையைக் குழிவான பட்டறைக் கல்லில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அங்குலம் அங்குலமாகச் சுத்தியலால் அடித்து வளைவை மீட்கிறார்கள். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் அங்கே மடிப்பு விழும். மடிப்பு விழுந்த பட்டை, முறியப்போகும் பட்டை.

உலையில் காய்ச்சி வளைக்கலாமே என்றால், வளைக்கலாம். ஆனால் காய்ச்சினால் எஃகின் பதம் போய்விடும். மறுபடி சரியான சூட்டில் எண்ணெயில் முக்கி, திரும்ப அளவாகச் சூடாக்கி இளக்கினால்தான் பழைய பதம் வரும். இளக்கும் சூடு அதிகமானால் சில வாரத்தில் மறுபடி தொய்வு, குறைந்தால் கண்ணாடி மாதிரி முறிவு. நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லும் கண் இருப்பவர்கள் மட்டும் இந்த விளையாட்டுக்குப் போகலாம். மற்றவர்களுக்குச் சுத்தியலே பத்திரம்.

இதுவரை சொன்னது பழைய உயரத்தை மீட்பது. அதற்கு மேலும் தூக்குவது வேறு கதை. ஜீப்பைத் தூக்கி நிறுத்தும் மோகம் நாட்டில் பரவலானது. ஹரியானாவின் மண்டி டப்வாலியும் காலான்வாலியும் அதற்குப் பேர்போனவை. எளிய வழிகள் மூன்று. ஒரு பட்டை கூடுதலாகச் செருகுவது. பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாக்குவது. மாருதி ஜிப்ஸி மாதிரி, அச்சுக்குக் கீழே பட்டை ஓடும் வண்டிகளில் பட்டையை அச்சுக்கு மேலே மாற்றி வைப்பது; இதில் ஒரே அடியில் ஏழெட்டு விரற்கடை உயரம் கிடைத்துவிடும்.

கிடைப்பது எதுவும் இனாம் அல்ல. ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது ஒரு அங்குலம்தான், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டுமே இறங்குகிறது. அதோடு அச்சு ஒரு பக்கம் சாய்கிறது. முன் அச்சு சாய்ந்தால் ஸ்டியரிங் நேரே நிற்காமல் அலையும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடி அதன் மூட்டுகள் சீக்கிரம் தேயும். பிரேக் ஹோஸ் எட்டாமல் இழுபடும். சக்கரம் குழியில் தொங்கும்போது அறுந்தே போகலாம். இறங்குமுகமான கொண்டையூசி வளைவில் பிரேக் ஹோஸ் அறுந்தால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. வண்டியின் கனம் மேலே போகப் போகக் கவிழும் ஆசையும் கூடுகிறது.

மோகிகள் மறந்துவிடும் சங்கதி ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் உயர்வது சேசிஸும் உடலும்தான். அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி தொங்கும் டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். சந்தக்பூ பாதையில் கல் இடிப்பது அந்தப் பூசணிக்காயை. அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். ஆகவே மானேபன்ஜாங் டிரைவர்களின் கணக்கு வேறு: வண்டி தாழாமல் இருந்தால் போதும், உயர வேண்டாம், கல்லைத் தவிர்ப்பது ஸ்டியரிங்கின் வேலை. கொழுக்குமலைக்கு ஏறும் சூரியநெல்லி ஜீப் டிரைவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

விதிவிலக்கு இன்ஜின். ஆரம்ப லேண்ட் ரோவரில் 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், சுமார் 50 குதிரைச் சக்தி. அது குடிக்கும் பெட்ரோலைக் கூலிக்கு ஓடும் வண்டி தாங்காது. பல வண்டிகளில் மஹிந்திரா டீசல் இன்ஜின் ஏறிவிட்டது. டீசல் இன்ஜின் கனம். முன்பக்கம் மூக்கைத் தொங்கப்போடும். எனவே முன் கட்டில் கூடுதல் பட்டை சேர்க்கிறார்கள். வெறும் வண்டியாக ஓடும்போது முன்பக்கம் கடகடவென்று உதறுவது அதன் விலை.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதிசெய்தது. தளர்ந்த பட்டையைப் பழைய வளைவுக்குக் கொண்டுவருவது ரிப்பேர்; அதற்கு மேல் தூக்கினால் அது மாற்றம். காகிதத்தில் கோடு தெளிவாக இருக்கிறது. எழுபது வயது வண்டியில் கோடு எங்கே என்று தேட வேண்டும். கம்பெனியே செய்யாத பாகத்துக்குக் கம்பெனி அளவை யாரிடம் கேட்பது?

பட்டை முறிவது பட்டறை வாசலில் அல்ல. காலபோக்ரியைத் தாண்டி, மாலை மங்கும் நேரத்தில், பின்னால் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும்போது. சத்தம் கேட்ட டிரைவருக்கு எது என்று தெரிந்துவிடும். முறிந்தது நடுப்பட்டையானால் மெதுவாக உருட்டிக்கொண்டு போகலாம். முறிந்தது மெயின் பட்டையானால் விபரீதம். இரு முனைகளிலும் சுருண்டு, போல்ட் நுழையும் காது அதில்தான் இருக்கிறது. அச்சைத் தன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதே அதுதான். அது போனால் அச்சு ஒரு பக்கம் பின்வாங்கி, வண்டி நண்டு மாதிரி குறுக்காக நகரும். இதற்காகவே இரண்டாவது பட்டையை மெயின் பட்டையின் காதைச் சுற்றி அணைத்தாற்போல் வளைத்து வைப்பதுண்டு. ராணுவ வண்டிகளிலிருந்து வந்த யுக்தி. அதுவும் இல்லாவிட்டால் சேசிஸுக்கும் அச்சுக்கும் நடுவே மரக்கட்டையைச் செருகி, சங்கிலியால் இறுக்கிக் கட்டி, பயணிகளை நடக்கவிட்டு, முதல் கியரில் ஊர்ந்து வர வேண்டியதுதான். சீட்டுக்கு அடியில் சங்கிலியும் கட்டையும் வைத்திருக்காத வண்டியில் ஏறாதிருப்பது நல்லது.

மழைக்காலத்தில், ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை, பூங்கா சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்படுகிறது. பெரிய வேலைகளுக்கு ஏற்ற காலம் அது. அக்டோபரில் வானம் தெளிந்ததும் கூட்டம் வரும். ஆனால் எந்த வண்டிக்கு வரும் என்பதுதான் இப்போதைய கேள்வி. பாதையின் பல பகுதிகளில் கான்கிரீட் வந்துவிட்டது. கல்லடுக்குப் பாதையில் லேண்ட் ரோவரோடு போட்டி போட ஆள் இல்லை. கான்கிரீட்டில் பொலிரோ வந்து நிற்கிறது. பயணிகளுக்குக் குஷன் சீட், மூடிய கதவு. டிரைவருக்குக் கடையில் கிடைக்கும் ஸ்பேர். மகனுக்கு வண்டி வாங்கித் தரும் தகப்பன் எதை வாங்குவான்? பாதை வேண்டும் என்று முகட்டுக் கிராமங்கள் கேட்டதில் தவறில்லை. நோயாளியைத் தூக்கிக்கொண்டு கல்லில் குதித்து இறங்கியவர்களுக்குப் பழமை மேல் காதல் இருக்காது.

வினோதம், இதே காலத்தில்தான் ஊர் உலகப் புகழ் பெற்றது. 2008இல் லேண்ட் ரோவர் கம்பெனியை டாட்டா வாங்கியது. லேண்ட் ரோவருக்கு 70 வயது நிறைந்த 2018இல் கம்பெனி மானேபன்ஜாங் வண்டிகளைப் பற்றி ஒரு படம் எடுத்து வெளியிட்டது. அப்போது ஓடிக்கொண்டிருந்தவை சுமார் 40. அதைப் பார்த்து, சந்தக்பூவுக்காக அல்லாமல் வண்டிக்காகவே வருகிறவர்களும் சேர்ந்தார்கள். இரண்டு மணி நேரம் குலுங்கிய பிறகு அவர்களிலும் சிலர் திரும்பி வர பொலிரோ கிடைக்குமா என்று விசாரிப்பதுண்டு. மெயின் பட்டைக்குக் காது சுருட்டத் தெரிந்த கைகள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டு வருகின்றன என்பது மட்டும் எந்தப் படத்திலும் தெரியாது. பொலிரோவின் பின்பக்கமும் பட்டைதான் என்பதால் வேலை அடியோடு போய்விடாது. ஆனால் அதற்குப் புதுக் கட்டு கடையிலேயே கிடைக்கும். அடித்து வளைக்க யாரும் மெனக்கெடப் போவதில்லை.

டீக்கடைப் பக்கம் வேலை முடிகிறது. புதிய யூ-போல்ட்டுகள், கிரீஸ் பூசிய கட்டு. ஷேக்கிள் போல்ட்டுகளை மட்டும் இறுக்காமல் விட்டிருக்கிறார். வண்டியின் கனம் சக்கரத்தில் இறங்கிய பிறகு இறுக்கினால்தான் உள்ளேயிருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக் கிழியாது. ஜாக்கி இறங்குகிறது. வண்டி முனகிக்கொண்டு உட்காருகிறது. மெக்கானிக் மறுபடி அடியில் புகுந்து இறுக்கிவிட்டு வருகிறார். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கையை நீட்டி அளக்கிறார். இடது பக்கம் ஒரு சாண், நாலு விரல். வலது பக்கம் ஒரு சாண், ஐந்து விரல். பையன் முகத்தைப் பார்க்கிறான். அவர் ஒன்றும் சொல்லாமல் டிரைவருக்குக் கை காட்டுகிறார். டிரைவர் ஏறி உட்காருகிறார். மறுபடி கை நீள்கிறது. ஒரு சாண், நாலு விரல்.